ஒரு நாடு சர்வதேசக் கல்வித் தரங்களைப் பின்பற்றுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: "சமூகக் கொள்கை, இளையோர் கல்வி பற்றி இத்தனை சர்வதேச உடன்படிக்கைகளில் நாடுகள் கையெழுத்துப் போடுகின்றன. அவை பின்பற்றப்படுகின்றனவா என்று யார் பார்க்கிறார்கள்? பின்பற்றாவிட்டால் என்ன ஆகும்?"

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒரு கடிதம் வரும். அதற்குச் சரியான பதில் எழுதாவிட்டால் இன்னொரு கடிதம் வரும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தை நாட்டுக்குள் யார் கையில் எடுக்கிறார், எடுத்துக்கொண்டு யாரிடம் போகிறார் என்பதைப் பொறுத்துச் சில இடங்களில் சட்டம் மாறியிருக்கிறது, பள்ளிக் கட்டணம் ஒழிந்திருக்கிறது, பருத்தி வயலுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியிருக்கிறார்கள். பல இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் உண்மை.

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது. ஓர் உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 117-ஆம் உடன்படிக்கை, 1962-ல் நிறைவேறியது. சமூகக் கொள்கையின் அடிப்படை நோக்கங்களையும் தரங்களையும் பற்றியது. காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1947-ல் காலனிப் பகுதிகளுக்கென்று எழுதிய 82-ஆம் உடன்படிக்கையைத் திருத்தி, புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளும் ஏற்கும்படி மாற்றி எழுதினார்கள். முப்பதுக்குச் சற்று மேற்பட்ட நாடுகளே இதை ஏற்றிருப்பதால் வெளியே அவ்வளவாகப் பேச்சு இல்லை. எனக்கு இதைப் பிடிக்கும், ஏனென்றால் கல்வியைத் தனித் தீவாகப் பார்க்காத ஆவணம் இது. கூலி, முன்பணக் கடன், வேலை தேடி இடம்பெயர்வோர், பாகுபாடு எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் 15-ஆம் பிரிவில் பள்ளிக்கு வருகிறது. அப்பா வாங்கிய முன்பணம்தான் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த 15-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. ஆண், பெண் இருபாலாரும் பயனுள்ள ஒரு தொழிலுக்குத் தயாராகும்படி கல்வி, தொழிற்பயிற்சி, தொழில் பழகுநர் முறை ஆகியவற்றை உள்ளூர் நிலைமைக்கு இயன்ற அளவு படிப்படியாக வளர்க்க வேண்டும். பள்ளி விடும் வயதையும் வேலையில் சேரும் குறைந்தபட்ச வயதையும் சட்டத்தில் எழுத வேண்டும். பள்ளி நடக்கும் நேரத்தில் அந்த வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய வேண்டும்.

மூன்றாவதில் ஒரு வால் இருக்கிறது. இந்தத் தடை, பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குப் போதுமான பள்ளி வசதி உள்ள பகுதிகளுக்குத்தான். அதாவது பள்ளியே கட்டாத ஊரில் பிள்ளை வேலைக்குப் போனால் அந்த வரியின்படி மீறல் இல்லை. பள்ளி கட்டாதது அரசின் குறை. அந்தக் குறையே அரசுக்குத் தப்பிக்க வழியும் ஆகிறது. பழைய உடன்படிக்கைகளில் இப்படிப்பட்ட வால்கள் நிறைய உண்டு. 1973-ல் வந்த 138-ஆம் உடன்படிக்கை பெருமளவுக்கு இதை அடைத்தது. வேலையில் சேரும் வயது, கட்டாயக் கல்வி முடியும் வயதுக்குக் குறையக்கூடாது, பொதுவாக 15, பொருளாதாரமும் கல்வி வசதியும் போதிய அளவு வளராத நாடுகள் தொடக்கத்தில் 14 என்று வைத்துக்கொள்ளலாம், ஆபத்தான வேலைக்கு 18. பள்ளி அந்த ஊரில் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

சரி, யார் பார்க்கிறார்கள்?

தொழிலாளர் அமைப்பில் 1926-லிருந்து ஒரு நிபுணர் குழு இருக்கிறது. இப்போது 20 சட்ட வல்லுநர்கள். ஓர் உடன்படிக்கையை ஏற்ற நாடு குறிப்பிட்ட இடைவெளியில் அறிக்கை அனுப்ப வேண்டும்: 138, குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களைப் பற்றிய 182 போன்ற அடிப்படை உடன்படிக்கைகளுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 117 போன்றவற்றுக்கு ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. அறிக்கையின் நகலை அந்த நாட்டின் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகள் அமைப்புகளுக்கும் அரசு கொடுத்தாக வேண்டும். அவர்கள் தங்கள் கருத்தைத் தனியாக எழுதி அனுப்பலாம். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அதுதான். அரசு சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு அரசை மதிப்பிட முடியாதல்லவா.

குழு இரண்டு விதமாகப் பதில் எழுதும். சிறிய சந்தேகங்கள், தகவல் கேட்பது போன்றவை அரசுக்கு நேரடியாகப் போகும் கேள்விக் கடிதம். கடுமையான அல்லது நெடுநாள் நீடிக்கும் குறை என்றால் ஆண்டறிக்கையில் அச்சாகும் பகிரங்கக் கருத்துரை. அதற்கும் மேலே, ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் மாநாட்டில் சுமார் 24 நாடுகளின் வழக்குகளைத் தேர்ந்தெடுத்து, அரசுப் பிரதிநிதியை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி விளக்கம் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் தன் பெயர் வராமல் இருக்க அரசுகள் எவ்வளவு பாடுபடுகின்றன என்பதைப் பார்த்தால், வெறும் கடிதம்தானே என்று தோன்றாது.

இந்தக் கடிதப் போக்குவரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 15-ஆம் பிரிவைப் பற்றிக் குழு வழக்கமாகக் கேட்பது: எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஆண் பெண் வாரியாகத் தாருங்கள், தொழில் பழகுநர் திட்டத்தில் எத்தனை பேர் முடித்து வேலைக்குப் போனார்கள். சில ஆண்டு கழித்து அரசு பதில் எழுதுகிறது: தேசிய இளைஞர் கொள்கை வகுக்கப்பட்டுள்ளது, நகல் இணைக்கப்பட்டுள்ளது, முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. கேட்டது எண்ணிக்கை, வந்தது கொள்கை. அடுத்த சுற்றில் குழு, முன்பு கேட்ட தகவல் அறிக்கையில் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு அதே கேள்வியை மறுபடியும் வைக்கிறது. ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு சுற்று போனால், முதல் கேள்வி எழுந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை பள்ளியையே முடித்திருக்கும்.

இதைப் படிக்கப் பழகியவர்கள் ஒரு சொல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். குழு ஒரு நடவடிக்கையைத் 'திருப்தியுடன்' குறிக்கிறதா, 'ஆர்வத்துடன்' குறிக்கிறதா, வெறுமனே 'குறித்துக்கொள்கிறதா' என்பதற்கெல்லாம் தனித்தனி அர்த்தம் உண்டு. திருப்தி என்றால் கேட்டது முழுமையாக நடந்துவிட்டது. ஆர்வம் என்றால் நல்ல தொடக்கம், தொடர்ந்து பார்ப்போம். மற்றதெல்லாம் இன்னும் ஒன்றும் நகரவில்லை என்பதன் மரியாதையான வடிவம்.

ஐ.நா. பக்கம் வந்தால், 1989-ன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கைதான் எல்லாரும் அறிந்தது. 196 தரப்புகள் ஏற்றிருக்கின்றன. முதல் அறிக்கை இரண்டு ஆண்டுக்குள், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. பார்ப்பது 18 பேர் கொண்ட குழு. அந்த ஐந்தாண்டு அறிக்கை 21,200 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று 2014-ல் ஐ.நா. பொதுச்சபை வரம்பு போட்டது. அதற்கு முன் வந்த சில அறிக்கைகளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வரம்பின் அருமை தெரியும். பிறகு ஜெனீவாவில் அரசுக் குழுவுடன் இரண்டு நாளில் சுமார் ஆறு மணி நேர உரையாடல். அதன் முடிவில் இறுதிக் கருத்துரை. தொண்டு நிறுவனங்களும் குழந்தைகளின் குழுக்களும்கூட மாற்று அறிக்கை தரலாம். பல சமயம் அந்த மாற்று அறிக்கையிலிருந்துதான் குழுவின் கூர்மையான கேள்விகள் வருகின்றன.

அமெரிக்கா இதில் விசித்திரம். 1995-ல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குச் சட்டப்படி கட்டுப்படவில்லை. ஆனால் 182-ஆம் உடன்படிக்கையை அது நிறைவேறிய 1999-லேயே ஏற்றது. எதை ஏற்பது எதை விடுவது என்பதில் பிள்ளைகளைப் பற்றிய அக்கறையைவிட உள்நாட்டு அரசியலுக்கே பங்கு அதிகம். இத்தனைக்கும் 182 என்பது தொழிலாளர் அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கை. 2020 ஆகஸ்டில் டோங்கா ஏற்றதோடு அந்த வட்டம் முடிந்தது. உலகத்தில் இதற்கு மேல் ஏற்புறுதி கிடைக்காது. அதே 2020-ன் கணக்குப்படி 16 கோடிப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்கள். 2024-ல் அது 13.8 கோடி. குறைந்திருக்கிறது, உண்மைதான், 2025-க்குள் அறவே ஒழிப்போம் என்று எழுதிய ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கோடு ஒப்பிட்டால் வெகு தூரம். ஆகவே எத்தனை நாடு ஏற்றது என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஏற்கும்போதே ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. இந்தப் பிரிவு எங்களுக்கு இப்படித்தான் பொருந்தும் என்று ஓர் அறிவிப்பையோ விலக்கையோ சேர்த்துவிடுவார்கள். இந்தியா 1992-ல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்தபோது, உழைப்புச் சுரண்டல் பற்றிய 32-ஆம் பிரிவைப் படிப்படியாகத்தான் நிறைவேற்ற முடியும் என்று அறிவித்தது. 138, 182 இரண்டையும் ஏற்க 2017 வரை ஆனது. தென்னாப்பிரிக்கா இன்னும் சுவாரசியம். அதன் அரசியலமைப்பு அடிப்படைக் கல்வியை உடனடி உரிமையாக வைத்திருக்கிறது. வசதி வரும்போது பார்ப்போம் என்ற நிபந்தனை அதில் இல்லை என்று 2011-ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே சொன்னது. ஆனால் 2015-ல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றபோது, கல்வியுரிமையை இருக்கும் வளத்துக்குள் படிப்படியாகத் தருவோம் என்று அரசு ஓர் அறிவிப்பைச் சேர்த்தது. வீட்டுக்குள் தந்த வாக்கைவிட வெளியே தந்த வாக்கு சிறியது! அதே ஆண்டு டிசம்பரில், லிம்போபோ மாகாணத்தில் பாடநூல் வராத வழக்கில், ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் புத்தகம் கிடைத்தாக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்துவிட்டதே என்ற வாதம் எடுபடவில்லை. 1960-ன் யுனெஸ்கோ கல்விப் பாகுபாட்டு எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்த வேலைக்கே இடமில்லை; விலக்கு எதுவும் கூடாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள்.

'படிப்படியாக' என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுகளுக்குப் பிடித்த சொல். பணம் இல்லாத நாடு நாளைக்கே எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது நியாயம்தான். ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி இல்லாத நாடு, உடன்படிக்கையில் சேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் எந்த ஆண்டில் எதைச் செய்யும் என்று விரிவான திட்டம் தர வேண்டும் என்கிறது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு. ஐரோப்பாவில் 2003-ல் பிரான்சுக்கு எதிராக ஒரு முடிவு வந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் போதிய கல்வி ஏற்பாடு இல்லை என்று ஒரு கூட்டமைப்பு, சமூக உரிமைகளுக்கென்று ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையான ஐரோப்பிய சமூக சாசனத்தின்கீழ் புகார் செய்திருந்தது. விவாதமே இருபது ஆண்டுக்கு மேல் நடந்திருந்தது, இடையில் சட்டமும் வந்திருந்தது. செலவு மிகுந்த உரிமை என்றால் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள், அளந்து காட்டக்கூடிய முன்னேற்றத்துடன், கையிலுள்ள வளத்தை அதிகபட்சம் பயன்படுத்தி அதைச் செய்ய வேண்டும் என்றது அந்தச் சாசனத்தைக் கண்காணிக்கும் சமூக உரிமைகளுக்கான ஐரோப்பியக் குழு. எந்த நாட்டின் அறிக்கையைப் படித்தாலும் இந்த மூன்று அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். காலக்கெடு இல்லாத 'படிப்படியாக' என்பதைச் செய்யமாட்டோம் என்றே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

பணம் என்று வரும்போது, 2015-ல் தென் கொரியாவில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின் இஞ்சியோன் பிரகடனத்தையொட்டி வந்த செயல்திட்டம் ஓர் அளவு சொல்கிறது: உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம், அல்லது அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் கல்விக்கு. கட்டுப்படுத்தும் விதி அல்ல. பட்ஜெட் விவாதத்தில் கையிலெடுக்க உதவும்.

அடுத்து வயது. இதைச் சோதிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கட்டாயக் கல்வி எந்த வயதில் முடிகிறது, வேலைக்கு எந்த வயதில் சேரலாம் என்ற இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இலங்கையில் 2016-ல் கட்டாயக் கல்வி வயது 14-லிருந்து 16 ஆனது. வேலைக்கான வயது 2021-ல்தான் 16 ஆனது. இடைப்பட்ட ஐந்து ஆண்டு ஒரு 15 வயதுப் பிள்ளை ஒரு சட்டப்படி பள்ளியில் இருக்க வேண்டும், இன்னொரு சட்டப்படி வேலைக்கும் போகலாம். இதில் எந்தச் சட்டம் ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை, வீட்டு வறுமை ஜெயிக்கும். நேர்மாறான இடைவெளியும் ஆபத்துதான். கல்வி 12-ல் முடிந்து வேலைக்கு 15 ஆகும்வரை காத்திரு என்றால், அந்த மூன்று ஆண்டு பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வேலையில் இருக்கும்.

இந்தியாவில் இரண்டு எண்ணும் 14-ல் சந்திக்கின்றன. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வரை. 138-ஐ ஏற்றபோது குறைந்தபட்ச வேலை வயதாக அறிவித்ததும் 14. காகிதத்தில் பொருத்தம் சரி. ஆனால் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 வரை குழந்தை என்கிறது, நிலைத்த வளர்ச்சி இலக்கு மேல்நிலைக் கல்வி வரை இலவசம் என்கிறது. அப்புறம் 2016-ன் சட்டத் திருத்தம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பிள்ளை உதவலாம். 1962-ன் 'பள்ளி நேரம்' என்ற அளவுகோல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது போல இருக்கிறது. இரவு பத்து மணிவரை வீட்டுத் தொழிலில் உட்கார்ந்த பிள்ளை மறுநாள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். பாடத்தில் இருக்குமா என்பதுதான் கேள்வி.

குடும்பத்துக்குள் நடக்கும் வேலை எல்லா நாட்டுக்கும் தலைவலி. ஐரோப்பிய சமூக சாசனத்தின்கீழ் வந்த முதல் கூட்டுப் புகாரே இதைப் பற்றியதுதான், போர்ச்சுகலுக்கு எதிராக, 1998-ல். சட்டம் நன்றாகவே இருந்தது, ஆய்வாளர்களும் இருந்தார்கள், குழந்தைத் தொழில் குறைந்துகொண்டும் வந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இன்னும் சட்டத்துக்குப் புறம்பாக வேலை செய்கிறார்கள், ஆகவே மீறல் என்று 1999-ல் அதே ஐரோப்பியக் குழு முடிவு சொன்னது. சாசனம் காப்பது ஏட்டு உரிமையை அல்ல, நடைமுறை உரிமையை என்று அதில் எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த பல முடிவுகள் அந்த வரியில் ஏறித்தான் நிற்கின்றன.

பெயரை மாற்றித் தப்பிக்கும் வழியும் இருக்கிறது. செக் குடியரசின் ஆஸ்ட்ராவா நகரத்தில், மற்றப் பிள்ளைகளைவிட ரோமா என்ற சிறுபான்மை இனப் பிள்ளைகள் மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளியில் சேர்க்கப்படும் வாய்ப்பு 27 மடங்கு அதிகமாக இருந்தது. அங்கே பாடத்திட்டமே குறைவு. அதில் படித்தால் பிறகு சாதாரண மேல்நிலைப் படிப்புக்குப் போவது மிகக் கடினம். 18 பிள்ளைகளின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனது. முதலில் தோற்றார்கள். 2007 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, இது பாகுபாடுதான் என்றது. தீர்ப்பு வருவதற்குள் புதிய கல்விச் சட்டத்தில் 'சிறப்புப் பள்ளி' என்ற வகையே இல்லாமல் போயிருந்தது. நல்லதுதானே என்று தோன்றும். பெரும்பாலும் அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், அதே குறைந்த பாடம், பெயர் மட்டும் 'செயல்முறைப் பள்ளி'. தீர்ப்பை நிறைவேற்றும் கண்காணிப்பு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அறிக்கையில் 'அந்த முறை ஒழிக்கப்பட்டது' என்று வந்தால், அந்தப் பிள்ளைகள் இப்போது எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் இப்படி ஒரு பொறி உண்டு. உகாண்டா 1997-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. சுமார் 30 லட்சமாக இருந்த சேர்க்கை ஒரே ஆண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. கட்டணம் எவ்வளவு பெரிய சுவர் என்று அது காட்டியது. கூடவே வகுப்புகள் நிரம்பி வழிந்தன, ஆசிரியரும் அறையும் அதே வேகத்தில் வரவில்லை. சேர்க்கை என்ற கட்டத்தில் மட்டும் பார்த்தால் வெற்றி. ஒரு கற்பனைக் கணக்கு: பதிவேட்டில் 100 பிள்ளை, இன்று வந்தது 72, ஐந்தாம் வகுப்பை முடிப்பது 60, முடித்தவர்களில் ஒரு பத்தியைத் தடையில்லாமல் படிப்பது 35. நான்குமே 'உண்மை'. அரசு அறிக்கை முதல் எண்ணை எழுதும். கல்வியுரிமைக்கான ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளர் காத்தரினா தொமஷெவ்ஸ்கி இதற்காகத்தான் நான்கு கேள்வியை வைத்தார்: பள்ளி இருக்கிறதா, பிள்ளையால் அங்கே போக முடிகிறதா, அங்கே நடப்பது ஏற்கத்தக்கதா, பிள்ளைக்கேற்பப் பள்ளி வளைந்து கொடுக்கிறதா. பெரும்பாலான அறிக்கைகள் முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நான்காவதுக்கு ஒரு பத்தி ஒதுக்கும்.

இனி, கடிதத்தால் ஏதாவது நடந்ததா என்ற இடத்துக்கு வருவோம். நான் அறிந்தவரை மிகப் பெரிய உதாரணம் உஸ்பெகிஸ்தான். அங்கே இலையுதிர் காலத்தில் பருத்தி பறிக்கப் பள்ளிப் பிள்ளைகளை வாரக்கணக்கில் அரசே வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆசிரியரே மேஸ்திரி. 2008-ல் 182-ஐ ஏற்ற பிறகும் நிற்கவில்லை. தொழிலாளர் அமைப்பின் குழு திரும்பத் திரும்ப எழுதியது, 2013 மாநாட்டில் வழக்கு விவாதத்துக்கு வந்தது, அந்த ஆண்டே அறுவடையைப் பார்க்க வெளிப் பார்வையாளர்களை அரசு அனுமதித்தது. இன்னொரு பக்கம் உலக ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியை வாங்கமாட்டோம் என்றன. நாட்டுக்குள் சிலர் கைதாகும் ஆபத்தோடு வயலில் படம் எடுத்து ஆதாரம் சேர்த்தார்கள். 2016-ல் ஆட்சி மாறியது. 2021 அறுவடையில் அமைப்புரீதியான குழந்தை உழைப்பும் கட்டாய உழைப்பும் இல்லை என்று தொழிலாளர் அமைப்பு அறிவித்தது, 2022 மார்ச்சில் புறக்கணிப்பு விலக்கப்பட்டது. குழுவின் கடிதம் மட்டும் இதைச் செய்யவில்லை. வியாபாரிக்கும் போராடியவருக்கும் காட்டுவதற்கு ஓர் அதிகாரபூர்வக் காகிதம் தேவைப்பட்டது, அதைக் கடிதம் தந்தது.

கொலம்பியாவில் பருத்தியும் இல்லை, புறக்கணிப்பும் இல்லை. தொடக்கப் பள்ளியில் கட்டணம் வசூலிக்க இடம் கொடுத்த சட்டப் பிரிவை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நாடு ஏற்றிருந்த உடன்படிக்கைகளையும் குழுக்களின் விளக்கங்களையும் மேற்கோள் காட்டி, அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணம் கூடாது என்று 2010-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. ஜெனீவாவிலிருந்து பல ஆண்டாக வந்துகொண்டிருந்த பரிந்துரை, நாட்டுக்குள் ஒரு வழக்கறிஞர் கையில் வந்தபோதுதான் கட்டளையானது.

பொலிவியாவின் கதை வேறு மாதிரி. 2014-ல் சில நிபந்தனைகளோடு 10 வயதிலிருந்தே சுயமாக வேலை செய்யலாம் என்று சட்டம் போட்டது. அந்த நாடு 138-ஐ ஏற்ற நாடு. விசித்திரம் என்னவென்றால், வேலை செய்யும் பிள்ளைகளின் சங்கமே தெருவில் இறங்கி அதைக் கேட்டது. எப்படியும் வேலை செய்கிறோம், சட்டத்துக்குள் செய்தால் பாதுகாப்பாவது கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். தொழிலாளர் அமைப்பின் குழு கடுமையாக எதிர்த்தது. 2017-ல் நாட்டின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது, 2018-ல் சட்டம் மறுபடி 14-க்குப் போனது. தரத்தின்படி பார்த்தால் சரியான முடிவு. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு, வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு, வயதை உயர்த்தியது பதில் ஆகாது. 117-ஆம் உடன்படிக்கை கூலியையும் கடனையும் கல்வியையும் ஒரே கட்டில் கட்டியது ஏன் என்று இங்கேதான் புரிகிறது.

கடைசியாக, உங்கள் நாட்டைப் பற்றி நீங்களே பார்க்க விரும்பினால் என் வழி இதுதான். அரசின் அறிக்கையிலிருந்து தொடங்கமாட்டேன். குழந்தை உரிமைக் குழுவின் கடைசி இரண்டு இறுதிக் கருத்துரைகளை எடுத்துக் கல்விப் பகுதிகளை அருகருகே வைப்பேன். 'முந்தைய பரிந்துரையை மீண்டும் வலியுறுத்துகிறது' என்ற தொடர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவேன். பிறகு அந்த இடங்களுக்கு அரசு தன் அறிக்கையில் என்ன பதில் சொல்கிறது என்று தேடுவேன். அங்கே எண் இருக்கிறதா, 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது' இருக்கிறதா. தொழிலாளர் அமைப்பின் தரவுத்தளத்தில் நாட்டின் பெயரைப் போட்டால் 138-க்கு வந்த கேள்விக் கடிதங்கள் எல்லாம் கிடைக்கும். அடுத்த ஆய்வு எப்போது, மாற்று அறிக்கைக்குக் கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் தளத்தில் இருக்கும். மாற்று அறிக்கை அனுப்பப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தின் பள்ளிகளில் இடைநின்ற பிள்ளைகளின் கணக்கைச் சரியாக எடுத்து நான்கு பக்கத்தில் அனுப்பினால் போதும், குழு அதை வாசிக்கும்.